போர் விமானத்தின் திருப்பத் திறனைக் கணக்குப் போட்டு எடைபோடும் முறை

விமானக் கண்காட்சியில் சுகோய் மூக்கைத் தூக்கிக்கொண்டு காற்றில் நிற்பதைப் பார்த்தவர்கள், இதை யாரும் வெல்ல முடியாது என்று எழுதுகிறார்கள். இன்னொரு தரப்பு, 100 கி.மீ. தாண்டிப் போகும் ஏவுகணை வந்த பிறகு விமானம் வளைந்தால் என்ன, வளையாவிட்டால் என்ன என்று கேட்கிறது. இரண்டு பேச்சும் எண் இல்லாமல் நடக்கின்றன. செல்போனில் இருக்கும் கால்குலேட்டரை வைத்தே இந்த வாதத்தின் பெரும்பகுதியைத் தீர்த்துவிடலாம். அதற்கான வழிமுறை இது. பள்ளிக்கூட இயற்பியல் போதும். பொறுமை மட்டும் கொஞ்சம் வேண்டும்.

எந்தத் திறனைப் பற்றிப் பேசுகிறோம்?

'நன்றாக வளையும் விமானம்' என்று சொன்னால் அதற்குள் குறைந்தது நான்கு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. முதல் வேலை அவற்றைப் பிரிப்பது.

உடனடித் திருப்பம் என்பது அந்த நொடியில் இறக்கையும் விமானத்தின் உடற்சட்டமும் தாங்குகிற அளவுக்கு இழுத்துத் திரும்புவது. வேகம் சரிந்தாலும் பரவாயில்லை என்று செய்வது. நீடித்த திருப்பம் என்பது வேகமும் உயரமும் குறையாமல் தொடர்ந்து சுற்றிக்கொண்டே இருக்க முடிவது. முதலாவதற்கு இறக்கைப் பரப்பு முக்கியம், இரண்டாவதற்கு எஞ்சின் முக்கியம். மூன்றாவது, இழந்த வேகத்தை எவ்வளவு சீக்கிரம் மீட்கிறது என்பது. நான்காவது, விமானம் எங்கே போனாலும் மூக்கை மட்டும் வேண்டிய பக்கம் திருப்புவது. கண்காட்சியில் கைதட்டல் வாங்குவது நான்காவது. இன்றைய சண்டையில் உயிரைக் காப்பது பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும்.

உருளும் வேகமும் உண்டு. விமானம் சாய்ந்த பிறகுதான் திரும்பவே தொடங்கும் என்பதால் அதுவும் கணக்கில் வரும். ஆனால் நவீன விமானங்களுக்குள் அதில் பெரிய வேறுபாடு இல்லை. இறக்கைக்கு அடியில் நிறைந்த எரிபொருள் தொட்டிகள் தொங்கும்போது மட்டும் கவனியுங்கள்.

இரண்டு கணக்குகள்

விமானி எத்தனை ஜி (எடையைப்போல எத்தனை மடங்கு விசை) இழுக்கிறார், எவ்வளவு வேகத்தில் போகிறார் என்ற இரண்டே தகவல் போதும். விமானம் எந்த நாட்டுடையது, விலை என்ன என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள் வராது.

ஜி எண்ணைத் தன்னாலேயே பெருக்கி, அதிலிருந்து 1 கழித்து, வர்க்கமூலம் எடுங்கள். இதைத் திருப்ப எண் என்று வைத்துக்கொள்வோம். 9 ஜி-க்கு இது 8.94. 7 ஜி-க்கு 6.93. 5 ஜி-க்கு 4.90.

திருப்ப வேகம், அதாவது வினாடிக்கு எத்தனை டிகிரி: 562-ஐத் திருப்ப எண்ணால் பெருக்கி, மீட்டர்/வினாடியில் உள்ள வேகத்தால் வகுக்க வேண்டும்.

வட்டத்தின் ஆரம், மீட்டரில்: வேகத்தை வேகத்தால் பெருக்கி, 9.81 × திருப்ப எண் என்பதால் வகுக்க வேண்டும்.

கி.மீ./மணி கணக்கில் வேகம் இருந்தால் முதலில் 3.6-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டுத் தவறான விடையோடு வாதாடுபவர்கள் நிறையப் பேர்.

9 ஜி-யிலேயே மூன்று வேகங்களைப் போட்டுப் பார்ப்போம்:

200 மீ/வி, அதாவது மணிக்கு 720 கி.மீ.: வினாடிக்கு 25 டிகிரி, ஆரம் 456 மீட்டர்.
250 மீ/வி, மணிக்கு 900 கி.மீ.: 20 டிகிரி, ஆரம் 712 மீட்டர்.
300 மீ/வி, மணிக்கு 1,080 கி.மீ.: 17 டிகிரி, ஆரம் 1,026 மீட்டர்.

அதே 9 ஜி, அதே உடல் வலி. ஆனால் வேகம் கூடக்கூடத் திருப்பம் மந்தமாகிறது, வட்டம் விரிகிறது. அப்படியானால் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனால் நல்லதுதானே? இல்லை. வேகம் குறைந்தால் இறக்கையால் 9 ஜி கொடுக்க முடியாது. மூலை வேகம் என்று விமானிகள் சொல்லும் புள்ளி இங்கேதான் வருகிறது: முழு ஜி-யையும் இழுக்கக்கூடிய மிகக் குறைந்த வேகம். நேர்பறப்பில் விமானம் தாங்காமல் விழத் தொடங்கும் வேகத்தை, ஜி எல்லையின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். அந்த வீழ்வேகம் 75 மீ/வி என்றால், 9 ஜி-க்கு மூலை வேகம் 225 மீ/வி, மணிக்கு 810 கி.மீ. அங்கே திருப்பம் வினாடிக்கு 22 டிகிரி. அதற்குக் கீழே இறக்கை கைவிடும், மேலே சட்டத்தின் ஜி எல்லை தடுக்கும்.

இந்த இரண்டு எல்லைகளையும் ஒரே தாளில் வரைந்தால், இடப்பக்கம் ஏறும் கோடும் வலப்பக்கம் இறங்கும் கோடும் கூரைபோலச் சந்திக்கும். அதனால்தான் இதற்கு நாய்க்கூண்டு வரைபடம் என்று பெயர். கூரையின் உச்சி மூலை வேகம். கூரைக்குக் கீழே இன்னொரு வளைகோடு ஓடும், அதில் சுழியம் என்று எழுதியிருக்கும். அந்தக் கோட்டில் இருந்தால் விமானம் வேகத்தை இழக்கவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. கோட்டுக்கு மேலே போனால் ஆற்றலைச் செலவழிக்கிறீர்கள், கீழே இருந்தால் சேமிக்கிறீர்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படையின் ஜான் பாய்டும் கணிதவியலாளர் தாமஸ் கிறிஸ்டியும் உருவாக்கிய ஆற்றல்-வளைதிறன் கோட்பாடு இதுதான். எஃப்-15, எஃப்-16 இரண்டும் இந்த வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிறந்தவை. ஒரு வரைபடம் கைக்குக் கிடைத்தால் உச்சியை மட்டும் பார்க்காதீர்கள். உச்சிக்கும் அந்தச் சுழியக் கோட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் அந்த விமானம் ஒரு முறை அழகாகத் திரும்பிவிட்டு மூச்சு வாங்கும்.

எடையை நீங்களே கூட்டுங்கள்

இணையத்தில் கிடைக்கும் உந்துவிசை-எடை விகிதங்களை நம்ப வேண்டாம். எந்த எடையை வைத்து வகுத்தார்கள் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. காலி எடை, பாதி எரிபொருள், விமானி, ஏவுகணை, அவற்றைத் தாங்கும் தூண்கள் எல்லாவற்றையும் கூட்டி நாமே வகுப்பதுதான் நேர்மை.

கோவை அருகே சூலூரில் பறக்கும் தேஜஸ் எம்கே-1-ஐ எடுத்துக்கொள்வோம். காலி எடை சுமார் 6,560 கிலோ. உள்தொட்டி எரிபொருள் சுமார் 2,460 கிலோ, அதில் பாதி 1,230. விமானி, இரண்டு ஆர்-73 ஏவுகணை, தூண்கள் எல்லாம் சேர்த்து 600 கிலோ என்று வைத்தால் மொத்தம் 8,400 கிலோ அளவில் வரும். இறக்கைப் பரப்பு 38.4 சதுர மீட்டர். ஆக ஒரு சதுர மீட்டருக்கு 219 கிலோ. எஃப்404 எஞ்சின் ஆஃப்டர்பர்னரில் (கூடுதல் எரிபொருளை எரித்து உச்ச விசை எடுக்கும்போது) தருவது சுமார் 85 கிலோநியூட்டன், எடை 82 கிலோநியூட்டன். விகிதம் ஒன்றைத் தாண்டுகிறது. அருமை.

இப்போது அதே விமானத்தை அதன் உச்ச எடையான 13,500 கிலோவுக்கு ஏற்றுங்கள். சதுர மீட்டருக்கு 352 கிலோ, விகிதம் 0.64. பெயரும் வண்ணமும் அதேதான், ஆனால் இது வேறொரு விமானம்.

தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் சேர்க்கப்பட்ட 222-ஆம் ஸ்குவாட்ரனின் சு-30எம்கேஐ விமானங்கள் பிரம்மோஸ் சுமப்பவை. விமானத்தில் ஏற்றும் பிரம்மோஸ் ஒன்றின் எடை சுமார் 2.5 டன். முழு எரிபொருளும் அந்த ஏவுகணையும் சேர்ந்தால் மொத்தம் 31 டன்னை நெருங்கும், விகிதம் 0.8. பாதி எரிபொருளும், வானில் பறப்பதைத் தாக்கும் வானிலக்கு ஏவுகணைகளும் மட்டும் இருந்தால் 25 டன்னுக்குக் கீழே, விகிதம் 1.02. பிரம்மோஸ் சுமந்துபோகும் சுகோயும் அதற்குக் காவலாகப் பறக்கும் சுகோயும் ஒரே மாதிரித் திரும்பும் என்று நினைத்துத் திட்டம் போடக் கூடாது.

எஃப்-16-இல் இதற்கு ஒரு சுவிட்சே இருக்கிறது. வானிலக்கு ஏவுகணை மட்டும் இருந்தால் கேட்-1, கனமான குண்டும் தொட்டியும் தொங்கினால் கேட்-3. கேட்-3-இல் கணினி விமானியின் கையை மீறித் தாக்குக் கோணத்தை, அதாவது எதிர்வரும் காற்றுக்கு இறக்கை சாயும் கோணத்தை, குறைத்துவிடும். தொட்டிகளை உதறிவிட்டால் போதுமே என்று கேட்கலாம். உதறலாம், ஆனால் ஒரு பக்கத் தொட்டி விழுந்து மறுபக்கத் தொட்டி மாட்டிக்கொண்டால் இழுவையும் எடையும் ஒருபக்கமாகச் சாயும். அந்த நிலையில் கடுமையாக இழுத்தால் விமானம் சுழலில் போகும் அபாயம் உண்டு. தொட்டியை உதற வேண்டுமானால் சண்டை தொடங்குவதற்கு முன்பே உதற வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

வளைவதற்கு என்ன விலை?

இழுக்கும் ஜி கூடும்போது தூக்குவிசைக்கு விலையாக இறக்கை உண்டாக்கும் காற்றுத்தடை, அதாவது தூண்டு இழுவை, ஜி-யின் வர்க்கமாக ஏறும். நேர்பறப்பில் அது 1 என்றால், அதே வேகத்தில் 5 ஜி-யில் 25, 7 ஜி-யில் 49, 9 ஜி-யில் 81. எஞ்சினின் விசை இந்த வேகத்தில் ஏறுவதில்லை. அதனால் 9 ஜி என்பது எல்லா விமானத்துக்கும் கடன் வாங்கிய பொருள்தான், எத்தனை வினாடிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

இந்தக் கடனின் வட்டியைத் தீர்மானிப்பது இறக்கையின் நீளமும் பரப்பும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையிலான இறக்கை நீளத்தை வர்க்கமாக்கிப் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் எண், சிறியதாக இருந்தால் வட்டி அதிகம். தேஜஸுக்கு 8.2 மீட்டர் நீளம், விடை 1.75. மிராஜ்-2000-க்கு சுமார் 2. எஃப்-16-க்கு 3.2. சு-30எம்கேஐ-க்கு 3.5. வால்சிறகு இல்லாத முக்கோண இறக்கை விமானங்கள் முதல் திருப்பத்தில் மிரட்டுவதும், இரண்டாவது சுற்றில் வேகம் வடிந்துபோவதும் இதனால்தான். இது வடிவமைப்பின் குறை அல்ல, தேர்வு. முக்கோண இறக்கை மிகை ஒலிவேகத்தில் இழுவையைக் குறைக்கிறது, எரிபொருளுக்கும் இடம் தருகிறது. அதை ஓட்டுபவர் முதல் திருப்பத்திலேயே வேலையை முடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

இழந்ததை உயரமாக மாற்றிப் பார்த்தால் மனத்தில் நன்றாகப் பதியும். வேகத்தை வர்க்கமாக்கி 19.62-ஆல் வகுத்தால், அந்த வேகம் எத்தனை மீட்டர் உயரத்துக்குச் சமம் என்று வரும். 300 மீ/வி என்பது 4,587 மீட்டர். 200 மீ/வி என்பது 2,039 மீட்டர். ஒரே ஒரு கடும் திருப்பத்தில் 300-இலிருந்து 200-க்கு இறங்கினால் 2,500 மீட்டர் உயரத்தைத் தூக்கி எறிந்ததற்குச் சமம். வினாடிக்கு 100 மீட்டர் ஏறும் அளவுக்கு மிச்ச சக்தி உள்ள விமானமே இதை மீட்க 25 வினாடி ஆகும். அந்த 25 வினாடியில் இரண்டாவது ஏவுகணை வந்தால் திரும்புவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது.

உயரம் எல்லாவற்றையும் மாற்றும்

பலர் கோட்டைவிடும் இடம் இது. வெளியிடப்படும் திருப்ப எண்கள் பெரும்பாலும் தாழ்வான உயரத்துக்கு உரியவை. நெடுந்தொலைவு ஏவுகணைச் சண்டை நடப்பதோ 8,000 முதல் 12,000 மீட்டர் வரையிலான உயரத்தில். 10,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு.

முன்பு பார்த்த, வீழ்வேகம் 75 மீ/வி உள்ள விமானத்தையே மேலே கொண்டுபோவோம். அங்கே வீழ்வேகம் 129 மீ/வி ஆகிவிடும். 250 மீ/வி-இல் பறக்கும்போது இறக்கை தரக்கூடிய உச்ச ஜி, 250-ஐ 129-ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் வருவது: 3.75. அவ்வளவுதான். கீழே அதே வேகத்தில் 9 ஜி இழுத்து, வினாடிக்கு 20 டிகிரி வீதம் 9 வினாடியில் பின்னால் திரும்பிய விமானம், மேலே வினாடிக்கு 8 டிகிரிதான் திரும்பும். முழுதாகப் பின்னால் திரும்ப 22 வினாடி.

9 ஜி விமானம் என்ற பட்டத்துக்கு அங்கே பொருளே இல்லை. பெரிய இறக்கையும், மெல்லிய காற்றிலும் தளராத எஞ்சினும் உள்ள விமானம்தான் அங்கே நன்றாகத் திரும்பும். எஃப்-22, டைஃபூன் போன்றவற்றின் உண்மையான பலம் இந்த உயரத்தில்தான் தெரியும், கண்காட்சியின் தாழ்வான வானத்தில் அல்ல.

வரும் ஏவுகணைக்கு எதிரே

முதலில் ஏவுகணையின் பலவீனத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான வானிலக்கு ஏவுகணைகளின் ராக்கெட் மோட்டார் சில வினாடிகளில் எரிந்து முடிந்துவிடும். மீதித் தொலைவைச் சேர்த்த வேகத்தில் சறுக்கிக்கொண்டே கடக்கின்றன. மெட்டியோர் மாதிரி, காற்றை உள்ளிழுத்து எரித்துக்கொண்டே போகும் ராம்ஜெட் எஞ்சின் வைத்தவை இதற்கு விலக்கு. அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சறுக்கும் ஏவுகணையால் இழுக்க முடிகிற ஜி, அதன் வேகத்தின் வர்க்கத்தோடு குறையும். 1,000 மீ/வி-இல் 30 ஜி இழுக்கும் ஏவுகணை, 700 மீ/வி-க்கு வந்தால் 14.7 ஜி, 500-க்கு வந்தால் 7.5 ஜி. இன்னொரு பக்கம், இலக்கு திரும்பும்போது அதைத் துரத்திப் பிடிக்க ஏவுகணைக்கு இலக்கின் ஜி-யைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு தேவை. மேலே பார்த்த நம் விமானம் 3.75 ஜி-தான் இழுக்கிறது. மூன்று மடங்கு என்றாலே 11.25. ஆக 500 மீ/வி-க்கு வந்துவிட்ட ஏவுகணையால் பிடிக்க முடியாது. 700-இல் இருப்பதோடு போராடலாம். 1,000-இல் இருப்பதிடம் தப்ப வழியில்லை.

ஆகவே விமானியின் வேலை ஏவுகணையைவிட அதிகம் வளைவது அல்ல. அது தன்னிடம் வந்து சேரும்போது மெதுவாகிப்போயிருக்கும்படி பார்த்துக்கொள்வது. அதற்கான ஒழுங்கு பொதுவாக இப்படி அமையும்.

சுடுவதற்கு முன் உயரமும் வேகமும் சேர்க்கிறார்கள். ஏவும் விமானத்தின் வேகம் ஏவுகணைக்கு இலவச உந்துதல். இந்தியாவின் அஸ்த்ரா ஏவுகணையோ அமெரிக்காவின் ஆம்ராமோ, 12,000 மீட்டரில் மிகை ஒலிவேகத்தில் ஏவினால் போகும் தொலைவும், 3,000 மீட்டரில் மெதுவாக ஏவினால் போகும் தொலைவும் வெகுவாக வேறுபடும். முடுக்கம் என்ற அந்த மூன்றாவது திறனுக்கு இங்கே முதல் வேலை.

சுட்டதும் பக்கவாட்டில் 50, 60 டிகிரி விலகுகிறார்கள். இலக்கு ரேடாரின் ஓரத்தில் இன்னும் தெரிகிறது, ஏவுகணைக்கு வழிகாட்ட முடிகிறது. ஆனால் எதிரியை நோக்கி நெருங்கும் வேகம் பாதியாகிவிடுகிறது. 300 மீ/வி-இல் பறப்பவர் 60 டிகிரி விலகினால் நெருங்குவது 150 மீ/வி. 20 வினாடியில் 3 கி.மீ. மிச்சம். கிரிபென்-ஈ-யின் ரேடார் தட்டைச் சுழற்ற முடிவதால் அது 90 டிகிரிக்கு மேலும் விலகிக்கொண்டு இலக்கைப் பார்க்கும். இங்கே விமானத்தின் வளைதிறன் செய்யும் வேலையை ரேடாரின் வளைதிறனும் பங்குபோட்டுக்கொள்கிறது.

அடுத்தது, எதிரியின் ரேடாருக்குச் செங்குத்தாகத் திரும்பிப் பறப்பது. டாப்ளர் ரேடார் தரையின் எதிரொலியை நெருங்கும் வேகத்தை வைத்துத்தான் வடிகட்டுகிறது. செங்குத்தாகப் பறக்கும் விமானத்துக்கு நெருங்கும் வேகமே இல்லாததால் அதுவும் தரையோடு சேர்ந்து வடிகட்டப்படலாம். இதற்கு வேண்டியது பலமான இழுப்பு அல்ல, துல்லியம். சில டிகிரி பிசகினாலே மறுபடி தெரிந்துவிடும். எதிரியைவிட உயரத்தில் பறந்தால் பின்னணியில் தரை இருக்காது, அதனால் பலிக்காது. தாழ்ந்து வந்து செய்ய வேண்டும்.

கடைசியில் முழுதாகப் பின்னால் திரும்பி ஓடுவது. திருப்பத் திறன் நேரடியாக உயிராக மாறும் இடம் இதுதான். 6,000 மீட்டர் உயரத்தில், 300 மீ/வி வேகத்தில் இரண்டு விமானங்கள் பின்னால் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். 5 ஜி இழுப்பது 19.6 வினாடி எடுக்கும். 7 ஜி இழுப்பது 13.9 வினாடி. வித்தியாசம் 5.7 வினாடி. 1,000 மீ/வி-இல் வரும் ஏவுகணை அந்த நேரத்தில் 5.7 கி.மீ. கடந்துவிடும். அதாவது 7 ஜி விமானி எதிரிக்கு 5 கி.மீ.-க்கு மேல் கூடுதலாக நெருங்கிப் போய்ச் சுட்டுவிட்டு, அதே பாதுகாப்போடு திரும்பி வர முடியும். கண்ணுக்கெட்டாத தொலைவுச் சண்டையில் வளைதிறனால் பயனில்லை என்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தத் திருப்பத்தைக் கிடைமட்டமாகச் செய்யாமல் மூக்கைத் தாழ்த்திச் செய்வதே வழக்கம். புவியீர்ப்பு வேகத்தைக் காப்பாற்றுகிறது, கீழே அடர்ந்த காற்றில் விமானம் நன்றாகத் திரும்புகிறது, பின்தொடரும் ஏவுகணையும் அதே அடர்ந்த காற்றுக்குள் இழுத்து வரப்பட்டு வேகம் இழக்கிறது. தவறு நடப்பது நேரத்தில்தான். சீக்கிரமே கடைசித் திருப்பம் போட்டால் ஏவுகணை நிதானமாகப் பாதையைத் திருத்திக்கொள்ளும், விமானி வேகத்தை இழந்து நிற்பார். தாமதித்தால் ஏவுகணை சற்றுத் தவறினாலும் அருகில் வந்து வெடிக்கும்.

கிட்டச் சண்டையில் மிஞ்சியிருப்பது

மூக்கைத் திருப்பும் திறனின் மதிப்பைக் குறைத்தது ஹெல்மெட். 1980-களில் சோவியத் மிக்-29 ஹெல்மெட் சைட்டோடும் (தலைக்கவசத்தில் உள்ள குறிபார்க்கும் கருவி) ஆர்-73-யோடும் வந்தது. விமானி தலையைத் திருப்பி 45 டிகிரி பக்கவாட்டில் பார்த்தே ஏவுகணையை இலக்கின் மேல் பூட்டலாம். ஜெர்மனி இணைந்த பிறகு அந்த மிக்-29-களோடு பயிற்சி செய்த மேற்கத்திய நாடுகள் இதன் வலிமையை நேரில் உணர்ந்தன. ஏஐஎம்-9எக்ஸ், ஐரிஸ்-டி போன்றவை அதற்கான பதில். உந்துமுனையைத் திருப்பி ஏவுகணையே வளைகிறது. விமானம் 90 டிகிரி திரும்ப 4, 5 வினாடி ஆகும்போது விமானியின் கழுத்து ஒரே வினாடியில் திரும்பிவிடுகிறது.

சு-30எம்கேஐ-யின் ஏஎல்-31எஃப்பி எஞ்சின் முனைகள் 15 டிகிரி வரை திரும்பக்கூடியவை. ஒன்றுக்கு ஒன்று என்ற சண்டையில், மெதுவான வேகத்தில், இது உண்மையான பலம். ஆனால் 1989 பாரிஸ் கண்காட்சியில் விக்டர் புகச்சேவ் சு-27-இல் செய்துகாட்டிய நாகபடச் சாகசம் போன்ற ஒன்றைச் சண்டையில் செய்தால், முடியும்போது விமானத்திடம் வேகம் இருக்காது. 150 மீ/வி-ஐ மீண்டும் சேர்க்க, அரை ஜி முடுக்கம் கிடைத்தாலும் 30 வினாடி வேண்டும். எதிரியின் கூட்டாளி அருகில் இருந்தால் அந்த 30 வினாடியும் அவருடையவை. முனைத் திருப்பம் உள்ள விமானத்தை மதிப்பிடும்போது, எத்தனை பேர் வானத்தில் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

கிட்டச் சண்டையே இனி வராது என்று எழுதுபவர்கள் வியட்நாமை நினைவில் கொள்ள வேண்டும். உள் துப்பாக்கி இல்லாமல் ஏவுகணையை மட்டும் நம்பிப் போன எஃப்-4 பேன்டம், சின்னஞ்சிறு மிக்-17-இடம் திணறியது. அமெரிக்கக் கடற்படை 1969-இல் மிராமரில் டாப்கன் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியதும், விமானப்படை எஃப்-4ஈ-யில் துப்பாக்கியைப் பொருத்தியதும் அதன் விளைவு. இன்றைய ஏவுகணைகள் எவ்வளவோ மேம்பட்டவைதான். ஆனாலும் 2017 ஜூன் 18-இல் சிரியாவின் தப்கா அருகே அமெரிக்க எஃப்/ஏ-18ஈ ஒரு சு-22-ஐ நெருங்கி நின்று சுட்டபோது, முதலில் ஏவிய ஏஐஎம்-9எக்ஸ் தவறிப்போனது. அடுத்து ஏவிய ஆம்ராம்தான் வீழ்த்தியது. யார், என்ன நோக்கத்தோடு வருகிறார் என்று உறுதிசெய்த பிறகே சுட வேண்டும் என்ற விதி இருக்கும் வானத்தில் விமானங்கள் நெருங்கித்தான் ஆக வேண்டும்.

விமானியின் உடல்

9 ஜி-யில் தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து 60 கிலோ அளவில் கனக்கும். அந்த நிலையில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். ஹெல்மெட் சைட் தரும் வசதியைக் கனத்த ஹெல்மெட் ஓரளவு பிடுங்கிக்கொள்கிறது. இரத்தம் மூளையிலிருந்து கீழே இறங்கும். மூளையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜன் நான்கு முதல் ஆறு வினாடிக்குத்தான். அதனால் பார்வை மங்குவதற்கு முன்னரே நினைவு தப்பும் ஆபத்து, ஜி திடீரென்று ஏறும்போது உண்டு. ஜி ஏறுவதற்கு முன்பே கால், தொடை, வயிற்றுத் தசைகளை இறுக்கி, மூச்சை அடக்கி, மூன்று வினாடிக்கு ஒரு முறை சட்டென்று மாற்றும் பயிற்சியைப் பெங்களூரு விமானப்படை மருத்துவ நிறுவனத்தின் சுழல் எந்திரத்தில் பழக்குகிறார்கள். ஏறிய பிறகு தொடங்கினால் பிடிக்காது. கையேட்டில் 9 ஜி என்று போட்டிருக்கும் விமானத்தை, களைத்துப்போன விமானி மூன்றாவது திருப்பத்தில் 9 ஜி-க்கு இழுக்க மாட்டார்.

செய்தியைப் படிக்கும்போது

2012-ஆம் நிதியாண்டுக்கான பென்டகன் சோதனை அலுவலக அறிக்கை, எஃப்-35ஏ-யின் நீடித்த திருப்ப இலக்கு 5.3 ஜி-யிலிருந்து 4.6 ஜி-யாகக் குறைக்கப்படவிருப்பதாகச் சொன்னதும் பெரும் கூச்சல் எழுந்தது. கணக்குப் போடுங்கள். 15,000 அடியில் மாக் 0.8 (ஒலிவேகத்தில் 0.8 மடங்கு) என்றால் சுமார் 258 மீ/வி. 5.3 ஜி-யில் வினாடிக்கு 11.3 டிகிரி, 4.6 ஜி-யில் 9.8. பின்னால் திரும்ப 15.9 வினாடிக்குப் பதில் 18.4. இரண்டரை வினாடி நஷ்டம். அதே அறிக்கையில், மாக் 0.8-இலிருந்து 1.2-க்கு முடுக எஃப்-35சி-க்குக் குறைந்தது 43 வினாடி கூடுதலாக ஆகும் என்றும் இருந்தது. ஏவுகணைச் சண்டைக்கு இந்த இரண்டாவது செய்திதான் பெரியது, பேசப்பட்டதோ முதலாவது.

கூட்டுப் பயிற்சிகளின் முடிவுகளைப் படிக்கும்போது இன்னும் கவனம் தேவை. 2024 ஆகஸ்டில் சூலூரில் நடந்த தரங் சக்தியில் தேஜஸும் டைஃபூனும் ரஃபேலும் ஒரே வானத்தில் பறந்தன. இப்படியான பயிற்சியில் யார் யாரை 'வீழ்த்தினார்' என்று செய்தி வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த உயரத்தில் தொடங்கினார்கள்? வெளித்தொட்டி தொங்கியதா? ஹெல்மெட் சைட்டும் பக்கவாட்டு ஏவுகணையும் அனுமதிக்கப்பட்டனவா? ஒருவர் பின்னால் இன்னொருவரை வேண்டுமென்றே வைத்துத் தொடங்கிய பயிற்சியா? நான்குக்கும் விடை இல்லாத செய்தியை வைத்து எந்த விமானத்தின் வளைதிறனையும் எடைபோட முடியாது. விடை இருந்தால் மேலே உள்ள சூத்திரங்களில் அந்த எண்களைப் போட்டு, பின்னால் திரும்ப எத்தனை வினாடி என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.